ஆசாரிப் பெண்ணின் பாட்டு

நம் காக்கா சிங்கப்பூரிலிருந்து முதன்முறை விடுமுறையில் ஊர் வந்தது 1976-ஆம் ஆண்டு. சபுராளி வந்த வீட்டின் மகிழ்ச்சியைக் கடலோர ஊர்களில் பிறந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்ததும் வீடெங்கும் பரவும் பவுடர் மணம், கோடாலித் தைலம், உம்மாவுக்கு மெல்லிய வாயில் சேலை, வாப்பாவுக்குப் பாத்திக் கைலி, சிறுவர்களுக்கு மிட்டாய். இவை எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் பொதிந்து வைத்த ஒரு டேப் ரிக்கார்டர். அதனுடன் ஒலிநாடாக்கள் மூன்று. இரண்டு நாகூர் ஹனிஃபா அவர்களின் பாடல்கள். மூன்றாவது ஆங்கிலப் பாட்டு. தாம் வேலை பார்த்த கடைக்கு அடுத்த கடையில் அது நாள் முழுதும் ஒலித்துக்கொண்டே இருந்ததாம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டபடியால், ஊரிலும் அந்தச் சத்தம் இருக்கட்டுமே என்று வாங்கி வந்ததாகக் காக்கா சொன்னார். அவருக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது.

'கார்ப்பென்டர்ஸ்' என்று உறையில் எழுதியிருந்தது. கல்லூரியில் கால் வைத்திருந்த நம்மிடம் வாப்பா அதன் பொருளைக் கேட்டார்கள். "தச்சர்கள், வாப்பா. ஆசாரிமார்" என்றோம். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அது ஆசாரிப் பாட்டு. பாடுகிறவள் ஆசாரிப் பொண்ணு. "அந்த ஆசாரிப் பொண்ணு பாட்டை வைப்பா, கேப்போம்" என்று இஷா தொழுகைக்குப்பின் திண்ணையில் சாய்ந்தபடி வாப்பா கேட்டது இன்றும் நம் செவியில் இருக்கிறது.

இசை கூடுமா கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். அதனுள் புகுவது இங்கு நம் நோக்கமன்று. வாப்பா தம் வீட்டுக்கென இரண்டு விதிகள் வகுத்திருந்தார்கள், அவ்வளவுதான். பாங்கு ஓசை எழுந்தால் பெட்டி வாய்மூட வேண்டும். வெட்கங்கெட்ட சொல் காதில் விழக் கூடாது. இரண்டாவது விதியைக் காக்கும் பொறுப்பு, ஆங்கிலம் அறிந்தவன் என்ற முறையில், நம் தலையில் விழுந்தது. பாடல்களை ஒன்றுவிடாமல் தமிழாக்கி வாப்பாவிடம் ஒப்புவிக்க வேண்டியதாயிற்று. பதினெட்டு வயதில் நாம் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுவே.

இந்த இருவரும் கணவன் மனைவி என்றே முதலில் எண்ணியிருந்தோம். அண்ணனும் தங்கையும் என்று பின்னர்தான் தெரிந்தது. அதை அறிந்ததும் வாப்பாவுக்கு அப்பாட்டின் மேல் மதிப்புக் கூடிற்று. அண்ணன் ரிச்சர்ட் 1946-லும், தங்கை கேரன் 1950-லும் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் பிறந்தவர்கள். தந்தையார் இசைத்தட்டுகளைச் சேர்ப்பதில் ஆர்வமிக்கவர். வீட்டின் நிலவறையில் அந்தத் தட்டுகளின் நடுவே அமர்ந்து மணிக்கணக்கில் கேட்டபடி வளர்ந்தவர் ரிச்சர்ட். 1963-இல் குடும்பம் கலிபோர்னியாவின் டௌனி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் சேர்ந்த கேரன், அங்கே முரசுக் கருவிகளைக் கண்டு, அதுவே தமக்கு உரியது என்று பற்றிக்கொண்டார். பெண்பிள்ளை முரசு கொட்டுவது அக்காலத்து அமெரிக்காவிலும் அபூர்வந்தான். பின்னாளில் உலகமே தம் குரலைக் கொண்டாடியபோதும், தம்மைப் பாடத் தெரிந்த முரசுக்காரி என்றே அவர் கருதிவந்தார்.

1969-இல் ஏ அண்ட் எம் நிறுவனத்தின் ஹெர்ப் ஆல்பர்ட் இவர்களை ஒப்பந்தம் செய்தார். முதல் தட்டு எடுபடவில்லை. மறு ஆண்டில், பர்ட் பக்கராக் இசையமைத்து வேறு பலரும் முன்பே பாடியிருந்த 'க்ளோஸ் டு யூ' என்னும் பாட்டைத் தம் பாணியில் மாற்றிப் பாடினார்கள். அமெரிக்கப் பாடல் வரிசையில் அது நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் இவர்கள் தொட்டதெல்லாம் துலங்கிற்று.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் தலைமுடி வளர்த்து, போதையில் திளைத்து, செவிப்பறை கிழியும் மின்கிதார் ஓசையே இசை என்று முழங்கிய நாட்கள் அவை. அத்தகைய வேளையில், சீவிய தலையும் துவைத்த சட்டையுமாக அண்ணன் தங்கை இருவர் வந்து தாழ்ந்த குரலில் பாடினால் விமர்சகர்கள் விட்டுவிடுவார்களா? இனிப்பு, திகட்டல், பெற்றோர் கேட்கும் பாட்டு என்று ஏளனம் செய்தார்கள். 1973 மே மாதம் வெள்ளை மாளிகையில் மேற்கு ஜெர்மனிப் பிரதமர் வில்லி பிராண்டுக்கு அளித்த விருந்தில் அதிபர் நிக்சன் இவர்களைப் பாடவைத்தார். வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் மூழ்கிக்கொண்டிருந்த நேரமாதலால் அந்தப் பாராட்டும் ஏளனத்துக்கே எரிபொருளாயிற்று. ஏளனம் செய்தவர்கள் போற்றிய குழுக்களுள் எத்தனையின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுப் பயனில்லை, காலம் எப்போதும் நியாயமாகவே தீர்ப்பளிக்கிறது என்று சொல்லவும் நாம் துணியமாட்டோம்.

இந்தப் பாடல்கள் ஏன் நிலைத்தன என்பதைப் பல ஆண்டுகளாக நாம் எண்ணி வந்திருக்கிறோம். முதற்காரணம் அந்தக் குரலின் தாழ்வு. பெண்குரல் என்றால் உச்சத்தில் ஏறிச் சிலிர்க்கவைக்க வேண்டும் என்பது உலகெங்குமுள்ள வழக்கம். கேரனின் செல்வமோ கீழே இருந்தது. அண்ணன் அதைக் கண்டுகொண்டு, பாடல்களின் சுருதியை அதற்கேற்ப இறக்கி அமைத்தார். ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று, மூச்சு வாங்கும் ஓசையும் கேட்கும்படி அவர் பாடுவார். அது மேடையிலிருந்து வரும் குரலன்று. அடுக்களையில் நம் பக்கத்தில் நின்று, பிறர் காதில் விழாமல் ஒன்றைச் சொல்லும் லாத்தாவின் குரல்.

இரண்டாவது காரணம் உச்சரிப்பு. ஒரு மெய்யெழுத்தையும் அவர் விழுங்குவதில்லை. ஆங்கிலத்தைப் படித்துத் தெரிந்துகொண்ட நம்போன்றோர்க்கு அது எவ்வளவு பெரிய கொடை என்பதை, அம்மொழியைத் தாய்மடியில் கற்றவர்கள் உணரமாட்டார்கள். ஜப்பானியர் இவர்களை நெஞ்சார ஏற்றுக்கொண்டதற்கும் இதில் ஒரு பங்கு உண்டென்று கருதுகிறோம்.

மூன்றாவது, அந்தக் கூட்டுக்குரல். இருபது பேர் கொண்ட குழு பின்னால் நின்று பாடுவதாகவே நாம் நெடுங்காலம் நம்பியிருந்தோம். அண்ணனும் தங்கையும் தவிர அங்கு யாரும் இல்லை. ஒரு பகுதியை இருவரும் பாடிப் பதிவு செய்வார்கள். அதன்மேல் அதையே மறுபடியும் பாடுவார்கள். பின்பு அடுத்த பகுதி. இவ்வாறு அடுக்கி அடுக்கி, இரண்டு தொண்டைகளிலிருந்து ஏறத்தாழ ஒரு டஜன் குரல்களை எழுப்பினார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளின் குரல்களாதலால் அவை ஒன்றோடொன்று இழைந்து நின்றன. இழைப்புளியால் தேய்த்து, மூட்டு தெரியாமல் பொருத்திய பலகைபோல என்று சொல்லலாம். வாப்பா சூட்டிய பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

வாப்பாவின் இரண்டாவது விதியை ரிச்சர்டும் கடைப்பிடித்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அறிந்து நாம் வியந்தோம். 'சூப்பர் ஸ்டார்' என்னும் பாட்டு, ஊர் ஊராகச் செல்லும் பாடகன் ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுத்துத் தனித்துக் கிடக்கும் பெண்ணின் புலம்பல். மூலத்தில் இருந்த ஒரு சொல் படுக்கையறையைச் சுட்டுவது. ரிச்சர்ட் அதை நீக்கி, உடனிருத்தல் என்ற பொருள்படும் சொல்லை அங்கே வைத்தார். பாட்டின் துயரம் அதனால் குறையவில்லை. கூடிற்று என்பதே நம் எண்ணம். இந்தச் செய்தியை வாப்பாவிடம் சொல்ல நமக்கு வாய்க்கவில்லை. அதற்குள் அவர்கள் மௌத்தாகிவிட்டார்கள்.

இன்னொரு பாட்டின் கதை வேடிக்கையானது. திருமண நாளன்று இளந்தம்பதியர் வாழ்வைத் தொடங்குவதைப் பாடும் 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்', கலிபோர்னியாவின் கிராக்கர் வங்கி தொலைக்காட்சியில் காட்டிய விளம்பரத்துக்காக எழுதப்பட்டது. பால் வில்லியம்ஸ் எழுதி, ரோஜர் நிக்கல்ஸ் இசையமைத்தார். ரிச்சர்ட் அதைத் தற்செயலாகப் பார்த்து, இதன் முழுப்பாட்டு கிடைக்குமா என்று விசாரித்து வாங்கினார். 1970-இல் அது வரிசையில் இரண்டாம் இடம் பெற்று, அமெரிக்கக் கல்யாண வீடுகளில் நீங்கா இடம் பிடித்தது. வட்டிக்கடையில் பிறந்த பாட்டு என்று நண்பர் ஒருவர் நம்மைச் சீண்டுவதுண்டு. நாம் மறுமொழி சொல்வதில்லை.

எல்லாவற்றிலும் நாம் அதிகம் கேட்டது 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்'. ரிச்சர்டும் நண்பர் ஜான் பெட்டிஸும் ஆக்கிய அப்பாட்டு 1973-இல் வந்தது. இளமையில் வானொலியருகே காத்திருந்து கேட்ட பாடல்களை, வளர்ந்தபின் மறுபடியும் கேட்க நேரும்போது எழும் இன்பமும் ஏக்கமுமே அதன் பொருள். அதைப் பாடியபோது கேரனுக்கு வயது இருபத்து மூன்று. இருபத்து மூன்று வயதில் ஒருவருக்குப் பழமை ஏது? ஆயினும் அறுபது வயதுக்காரரின் நெஞ்சிலிருந்து வருவதுபோல அது வந்தது. நாம் அதைக் கேட்டபோது நமக்கும் ஏங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வாப்பா திண்ணையில் இருந்தார்கள். உம்மா உள்ளே கறி தாளித்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாட்டைப் பற்றிய அந்தப் பாட்டு தானே பழைய பாட்டாகி, இன்று நம்மை அதே திண்ணைக்கு இழுத்துச் செல்கிறது.

1983 பிப்ரவரியில் ஆங்கில நாளேட்டின் உட்பக்கத்தில் சில வரிகளைக் கண்டோம். கேரன் கார்ப்பென்டர் பிப்ரவரி 4-ஆம் நாள் டௌனியில் தம் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்து காலமானார். முப்பத்து மூன்று நிறைய இன்னும் ஒரு மாதமே இருந்தது. உண்ண மறுக்கும் நோயினால் நலிந்த இதயம் நின்றுவிட்டது என்பது பின்னர் தெரிந்தது. உம்மாவிடம் சொன்னோம். "சாப்பிடாம மௌத்தா போனாளா? அந்தப் புள்ளைக்கு வீட்டுல சோறில்லையா?" என்று கேட்டார்கள். கோடிக்கணக்கில் சம்பாதித்தவள் என்றோம். "அப்ப பக்கத்துல இருந்து ஊட்ட ஆளில்லாமப் போச்சு" என்றார்கள். படிக்காத உம்மாவின் பேச்சு என்று நாம் அன்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டோம்.

அந்நோய் புதிதன்று. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-லேயே அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். மருத்துவ நூல்களுக்குள் அடங்கிக் கிடந்த அப்பெயரைப் பொதுமக்களின் வாயில் வைத்தது கேரனின் மரணமே. மெலிந்த உடலே அழகு என்னும் எண்ணம் ஒரு வாசல்; அதனூடே நுழைந்தபின் நோய் அந்த எண்ணத்தையும் கடந்துவிடுகிறது. எலும்பும் தோலுமாக இருப்பவர் கண்ணாடியில் தம்மைப் பருமனாகவே காண்கிறார். பசியை வெல்வது தம் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே வெற்றியாக அவருக்குத் தோன்றுகிறது. 1975-இல் பிரிட்டனில் ஏற்பாடாகியிருந்த இசைப் பயணத்தைக் கேரனின் உடல்நிலை கருதிக் கைவிட்டார்கள். அப்போதே கண்ணுள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணனுக்கோ தம் துன்பம் வேறு. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, 1979-இல் சிகிச்சை பெற்று மீண்டார். தங்கை தனியாக ஓர் இசைத்தட்டுக்குப் பாடினார். அது வெளியிடப்படாமல் முடங்கி, அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 1996-இல்தான் வெளிவந்தது. 1982-இல் நியூயார்க்கில் தங்கிச் சிகிச்சை பெற்றார். உடல் சிறிது தேறியது. இதயம் தாங்கவில்லை.

இவை யாவும் நமக்குத் தெரியும். நூல்களில் படித்திருந்தோம். நண்பர்களிடம் எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். அப்படியிருந்தும் நம் வீட்டில் நடந்ததை நாம் காணவில்லை.

நம் தங்கையின் மகள் 2009-இல் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். நன்றாகப் படிப்பவள், சொன்ன சொல் தட்டாதவள். கல்யாண வீடொன்றில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "புள்ளை கொஞ்சம் பூசுனாப்புல இருக்கே, இப்பவே வாயைக் கட்டு" என்று சொன்னதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். அதுதான் காரணமா, தேர்வின் அச்சமா, வேறெதுவுமா என்பதை யாரும் அறியார். அவ்வாண்டு ரமளான் முடிந்தது. ஷவ்வாலின் ஆறு நோன்புகளையும் நோற்றாள். எல்லோரும் மகிழ்ந்தோம். பின்பு திங்கள், வியாழன் நோன்புகள். பின்பு இடையிலுள்ள நாட்களும். ஸஹருக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும், இஃப்தாருக்கு அதே. "எம் புள்ளையைப் பாருங்க காக்கா, இந்த வயசுல என்ன பேணுதல்!" என்று தங்கை பெருமையோடு சொன்னாள். நாமும் மாஷா அல்லாஹ் என்றோம். பிற வீடுகளில் அவளை எடுத்துக்காட்டாகப் பேசவும் செய்தோம்.

நம்முடைய ஸஹன் சாப்பாட்டு வழக்கமும் இதற்குத் துணை போயிற்று. ஒரு தட்டைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ணும்போது யார் கை எவ்வளவு எடுத்தது என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. நம் மருமகளோ இறைச்சித் துண்டுகளைப் பிறர் பக்கம் தள்ளிவைத்து, எல்லோரையும் உபசரித்து, தான் விரலைச் சோற்றில் அளைந்துகொண்டிருப்பாள். தன் பங்கைப் பிறருக்கு ஈயும் குணம் என்று அதையும் புகழ்ந்தோம். சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். முடி கொத்தாக உதிர்ந்தது. தங்கை எண்ணெயை மாற்றிப் பார்த்தாள்.

ஒரு நாள் மாலை, கார்ப்பென்டர்ஸ் 1976-இல் மேடையில் பாடிய படம் ஒன்றைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். தோளெலும்பும் மணிக்கட்டும் துருத்தி நிற்க, கேரன் சிரித்தபடி பாடினார். குரலில் ஒரு குறையும் இல்லை. அந்நேரம் மருமகள் தேநீர்க் கோப்பையை நீட்டினாள். சட்டைக் கை சற்று விலகியிருந்தது. திரையில் கண்ட அதே மணிக்கட்டு.

நாம் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். ஒன்றும் செய்யவில்லை. கோப்பையை வாங்கி வைத்தோம். மூன்று வாரங்கள் வாய் திறக்கவில்லை. உன் மகளின் வணக்கத்தை நான் நோய் என்கிறேன் என்று உடன்பிறந்தவளிடம் எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பாட்டுக் கேட்டு மூளை கெட்டுவிட்டது என்று மச்சான் சொல்வாரோ? நாம் தவறாக எண்ணியிருந்தால் ஒரு சாலிஹான பெண்பிள்ளையின் மேல் பழி சுமத்தியதாகாதா? இப்படியெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். மூன்றாம் வாரத்தின் இறுதியில், ஸுப்ஹுக்கு ஒளுச் செய்யும்போது அவள் மயங்கி விழுந்து, ஹவுளின் விளிம்பில் நெற்றி பிளந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் இரத்தக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அன்றிரவுதான் தங்கையையும் மச்சானையும் அமரவைத்துக் கேரனின் கதையை முழுவதும் சொன்னோம். நாம் அஞ்சியதுபோல் மச்சான் சினக்கவில்லை. "இதை ஏன் முன்னாடியே சொல்லலை, மச்சான்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மதுரைக்குக் கொண்டுசென்றோம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் தாழ்ந்திருந்தது. இதயத்தின் துடிப்பை ஒழுங்காக வைத்திருக்கும் உப்பு அது; இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்னவாகியிருக்குமென்று மருத்துவர் சொல்லி முடிக்கவில்லை. பட்டினி கிடந்த உடலுக்கு உணவைத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து என்பதை அங்கேதான் கற்றோம். சிறுகச் சிறுக, கணக்குப் பார்த்து ஏற்ற வேண்டும். உள்ளத்துக்குச் சிகிச்சை அளிக்கும் அம்மையார் ஒருவர் வாரந்தோறும் அவளோடு பேசினார். பைத்தியக்கார வைத்தியம் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். தங்கை காதில் வாங்கவில்லை.

அடுத்த ரமளான் வந்தபோதுதான் உண்மையான சோதனை. நோன்பு கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். மருமகள் கேட்பதாக இல்லை. ஊரின் மூத்த ஆலிம் ஒருவரைத் தங்கை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நாள்தோறும் நோன்பு நோற்ற தோழர் ஒருவரிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய வரலாற்றை அவர் திரைக்கு அப்பாலிருந்து எடுத்துச் சொன்னார். நோயாளிக்கு அளித்த சலுகையும் அல்லாஹ் அளித்ததுதான்; குணமானபின் களாச் செய்துகொள்ளலாம்; மருந்தென்று எண்ணி உண்ணு மகளே என்றார். அவள் அழுதாள். அந்த ரமளான் முழுதும், வீட்டில் எல்லோரும் நோன்பிருக்க, நண்பகலில் தங்கை மகளின் பக்கத்தில் அமர்ந்து, தான் நோன்போடு இருந்துகொண்டே, ஒவ்வொரு கவளமாக அவளுக்கு ஊட்டினாள். உம்மா 1983-இல் சொன்ன சொல் அப்போது நினைவுக்கு வந்தது. நாம் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று அவள் தேற. இடையில் ஒருமுறை பழையபடி சறுக்கவும் செய்தாள். அல்ஹம்துலில்லாஹ், இன்று சென்னையில் கணவரோடும் இரு பிள்ளைகளோடும் இருக்கிறாள்.

அதன்பின் நெடுநாள் நாம் அந்தப் பாடல்களைக் கேட்கவில்லை. அவற்றை இவ்வளவு உருக்கமாக்கியது பாடியவரின் துன்பந்தானோ, ஒருவர் உருகி அழிந்ததையா இத்தனை காலம் இனிமை என்று சுவைத்தோம் என்ற கூச்சம் இருந்தது. இன்று அவ்வாறு எண்ணவில்லை. 'க்ளோஸ் டு யூ' வெளிவந்தபோது கேரன் கொழுகொழுவென்றிருந்த இருபது வயதுப் பெண். நோயின் நிழல் அவர்மேல் விழவில்லை. குரலின் ஆழம் அப்போதே இருந்தது. ஜப்பானில் 1995-இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் 'ஐ நீட் டு பி இன் லவ்' பாட்டைச் சேர்த்தபோது, கேரன் மறைந்த காலத்தில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் கடை கடையாகச் சென்று அந்தத் தட்டை வாங்கினார்கள். அவருடைய மரணக் கதை தெரிந்தா அவர்கள் வாங்கினார்கள்? பாட்டு நன்றாக இருந்தது, வாங்கினார்கள். நோய் அவரிடமிருந்து பாட்டைப் பறித்ததேயன்றிக் கொடுத்ததில்லை. அறுபது வயதில் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் கேட்காமலே போனோம்.

ரிச்சர்ட் 2018-இல், லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு, தங்கையின் பழைய குரற்பதிவுகளுக்குப் புதிய பின்னணி அமைத்து ஒரு தட்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. வேண்டாத வேலை, பழையதே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். இசை நோக்கில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் தங்கையின் குரலை ஒலிபெருக்கியில் மறுபடியும் மறுபடியும் ஓடவிட்டு, இந்த இடத்தில் வயலின் இன்னும் சற்றுத் தாழட்டும் என்று அந்த முதியவர் அமர்ந்து திருத்திக்கொண்டிருந்ததை நினைத்தால் நமக்குக் குறைகூற மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு சென்னை சென்றிருந்தோம். காக்கா கொண்டுவந்த ஒலிநாடா கடற்காற்றில் பூசணம் பிடித்து எப்போதோ பாழாகிவிட்டது. மருமகளிடம் நாம் கேரனைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவளுக்குத் தெரியாது என்றே எண்ணியிருந்தோம். அன்று அடுக்களையில் வட்டலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தவள், திரும்பிப் பாராமலே, "மாமா, அப்பா கேப்பாங்கன்னு உம்மா சொல்லுமே, ஆசாரிப் பொண்ணு பாட்டு, அது போனுல இருக்கு. போடவா?" என்றாள். அப்பா என்று அவள் சொன்னது நம் வாப்பாவை. "உனக்குப் பிடிக்குமா?" என்றோம். "முன்னாடி கேக்க முடியாது. அவளைப் பத்திப் படிச்சிட்டேன்ல. இப்பக் கேக்குறேன்" என்றாள்.

'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' போட்டாள். பாதியில் அஸருக்குப் பாங்கு சொன்னது. மாவுக் கை படாமல் முழங்கையாலேயே போனைத் தட்டி நிறுத்தினாள்.